வால்வு ஆம்ப்ளிஃபையருக்கு ஃபிலமென்ட் டிரான்ஸ்பார்மர்: எதை வாங்குவது, எப்படி இணைப்பது?

உங்கள் கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். அதில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆம்பியர் கிடைக்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். இதில் 5 வோல்ட் என்பது 4.75-க்குக் கீழே இறங்கக்கூடாது, 5.25-க்கு மேலே ஏறவும் கூடாது. ஏ.டி.எக்ஸ். வகை சப்ளைகளுக்கான விதி இது. அதாவது கூடவோ குறையவோ 5 சதவீதம்.

இதே 5 வோல்ட், இதே 5 சதவீதம், கம்ப்யூட்டருக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு பொருளுக்கும் பொருந்தும். 3-500இசட் என்று ஒரு வால்வு. அமெச்சூர் ரேடியோக்காரர்கள் (ஹாம்கள் என்று சுருக்கமாகச் சொல்வோம்) தங்கள் டிரான்ஸ்மிட்டரின் சக்தியைக் கூட்ட உலகமெங்கும் பயன்படுத்தும் வால்வு இது. கம்ப்யூட்டரில் 5 வோல்ட் தவறினால் மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். இங்கே தவறினால், சுலபத்தில் கிடைக்காத ஒரு வால்வின் ஆயுள் நமக்குத் தெரியாமலே கரைந்துகொண்டிருக்கும்.

கம்ப்யூட்டர் இதழில் வால்வு எதற்கு என்று கேட்கலாம். இன்றைய ஹாம் நிலையங்களில் பெரும்பாலானவற்றில் ஒரு கம்ப்யூட்டர் கட்டாயம் இருக்கிறது. 2017-இல் வந்த எஃப்.டி.8 போன்ற டிஜிட்டல் முறைகள், சவுண்ட் கார்டும் ஒரு இலவச சாஃப்ட்வேரும் இருந்தால் போதும் என்ற நிலையைக் கொண்டு வந்துவிட்டன. கம்ப்யூட்டர் வாங்கி, அதன் வழியே ஹாம் ரேடியோவுக்குள் நுழைந்து, லைசென்ஸும் எடுத்தவர்களின் கண் அடுத்ததாகப் போவது ஆம்ப்ளிஃபையர் பக்கம். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர்கள் நிறைய வந்துவிட்டாலும், சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும் குணத்தால் வால்வு இன்னும் நிற்கிறது. உங்கள் லைசென்ஸ் எத்தனை வாட் வரை அனுமதிக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வால்வுக்குள் என்ன இருக்கிறது?

வால்வு என்பது காற்று நீக்கப்பட்ட ஒரு கண்ணாடிக் குடுவை (சிலவற்றில் பீங்கான்). உள்ளே ஒரு பொருளைச் சூடாக்கினால் அதிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியே வரும். அவற்றை அதிக வோல்டேஜ் உள்ள பிளேட் தன்பக்கம் இழுக்கும். நடுவில் உள்ள கிரிட் அந்த ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும். அவ்வளவுதான். பழைய குண்டு மானிட்டரை ஆன் செய்தவுடன் படம் வராமல், சில விநாடிகள் கழித்து மெல்லத் தெரிந்தது நினைவிருக்கிறதா? பிக்சர் டியூபின் கழுத்துப் பகுதியில் இருந்த ஹீட்டர் சூடாக எடுத்துக்கொண்ட நேரம் அது.

முதல் தலைமுறைக் கம்ப்யூட்டர்களும் வால்வால் ஆனவைதான். 1946-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் அறிமுகம் செய்யப்பட்ட எனியாக் கம்ப்யூட்டரில் சுமார் 18,000 வால்வுகள். அவை அதிகம் பழுதானது வேலை செய்யும்போது அல்ல, ஆன் ஆஃப் செய்யும்போது. குளிர்ந்த நிலையிலிருந்து சூடாவதும் திரும்பக் குளிர்வதும்தான் வால்வுக்குப் பெரிய வேதனை. அதனால் எனியாக்கை முடிந்தவரை அணைக்காமலே வைத்திருந்தார்கள். இந்த ‘ஆன் செய்யும்போது’ என்ற விஷயத்துக்குக் கட்டுரையின் நடுவில் திரும்ப வருவோம்.

சூடாக்கும் முறையில் இரண்டு சாதிகள். ஒன்றில் கம்பியே சூடாகி, அந்தக் கம்பியே எலக்ட்ரானையும் தருகிறது. தோரியம் கலந்த டங்ஸ்டன் கம்பி இது. 3-500இசட், 811ஏ, 572பி, 813 எல்லாம் இந்த வகை. ஆன் செய்த சில விநாடிகளில் தயார். இன்னொன்றில் ஹீட்டர் தனி, அதைச் சுற்றி ஆக்ஸைடு பூசிய கேத்தோடு தனி. 807, 6146, ரஷ்ய ஜியு-74பி, ஐமாக் நிறுவனத்தின் 3சிஎக்ஸ்800ஏ7 ஆகியவை இந்த ரகம். இவற்றில் பெரியவற்றுக்கு இரண்டரை, மூன்று நிமிடம் காத்திருந்த பிறகே ஹை வோல்டேஜ் கொடுக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் இந்த வேலையைத் தானே செய்யும் ஒரு டைமரைப் போட்டுவிடுவது நல்லது.

எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர்?

இதற்குத் தயாரிப்பாளரின் டேட்டா ஷீட்தான் வேதம். சில எண்களைப் பார்த்தாலே ஒரு பிடி கிடைத்துவிடும். 807-க்கு 6.3 வோல்ட், 0.9 ஆம்பியர். 811ஏ-க்கும் 572பி-க்கும் 6.3 வோல்ட், 4 ஆம்பியர். 813-க்கு 10 வோல்ட், 5 ஆம்பியர். ஜியு-74பி-க்கு 12.6 வோல்ட், 3.6 ஆம்பியர். நம் 3-500இசட்டுக்கு 5 வோல்ட், சுமார் 14.5 ஆம்பியர்.

ஆம்ப்ளிஃபையரில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட வால்வுகளை இணையாகப் போடுவார்கள். காலின்ஸ் நிறுவனத்தின் 30எல்-1 ஆம்ப்ளிஃபையரில் நான்கு 811ஏ. எனவே 6.3 வோல்ட்டில் 16 ஆம்பியர். ஹீத்கிட் நிறுவனத்தின் எஸ்பி-220-இல் இரண்டு 3-500இசட். எனவே 5 வோல்ட்டில் 29 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 145 வாட். நீங்கள் மைக்கைத் தொடாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இரண்டு வால்வும் சேர்ந்து இவ்வளவு மின்சாரத்தை வெறும் சூடாக மாற்றிக்கொண்டிருக்கும். இந்த இரட்டை 3-500இசட் அமைப்பையே இனி உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இதைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் சுலபம்.

இந்த 29 ஆம்பியரைத் தரும் டிரான்ஸ்பார்மரை வாங்கும்போது 30 ஆம்பியர் என்று அச்சடித்ததை அப்படியே நம்பாமல், 35 அல்லது 40 ஆம்பியருக்குச் சுற்றியதாக வாங்குங்கள். மணிக்கணக்கில் ஓடும் பொருள், சூடு குறைவாக இருக்கட்டும். அதற்காக 100 ஆம்பியர் வெல்டிங் டிரான்ஸ்பார்மர் ஒன்றைக் கொண்டுவந்து வைக்கவும் கூடாது. அளவுக்கு மீறிப் பெரிய டிரான்ஸ்பார்மர், குளிர்ந்த ஃபிலமென்ட்டுக்குள் முதல் நொடியில் தாராளமாகக் கரண்டைக் கொட்டிவிடும்.

அரை வோல்ட்டில் என்ன போய்விடும்?

நிறையவே போய்விடும். பெரிய தோரியம் டங்ஸ்டன் வால்வுகளைப் பற்றி ஐமாக் நிறுவனம் தந்த கணக்கு ஒன்று உண்டு: ஃபிலமென்ட் வோல்டேஜ் 3 சதவீதம் கூடினால், கம்பியில் உள்ள கார்பன் வேகமாகக் குறைந்து வால்வின் ஆயுள் பாதியாகிவிடும். 6 சதவீதம் என்றால் கால்வாசி. 9 சதவீதம் என்றால் எட்டில் ஒரு பங்கு.

இதை நம் ஊர் மின்சாரத்தோடு சேர்த்துப் பாருங்கள். 220 வோல்ட்டுக்குச் சரியாக 5 வோல்ட் தரும் ஒரு டிரான்ஸ்பார்மரை வாங்கி வந்தீர்கள். உங்கள் வீட்டில் இரவு பத்து மணிக்கு மெயின்ஸ் 240 வோல்ட். அப்போது ஃபிலமென்ட்டுக்குப் போவது 5.45 வோல்ட். சரியாக 9 சதவீதம் அதிகம். வால்வு இன்னும் நன்றாகவே பிரகாசிக்கும், பவரும் வரும். எந்தப் புகாரும் தெரியாது. தெரியும்போது வால்வு முடிந்திருக்கும்.

குறைந்தால் என்ன? தோரியம் வகையில் 4.8, 4.9 வோல்ட்டில் ஓட்டுவது நல்லதே, ஆயுள் கூடும். ஆனால் அவுட்புட் குறைய ஆரம்பிக்கும் அளவுக்கு இறக்கிவிட்டு அங்கேயே ஓட்டக்கூடாது. ஆக்ஸைடு கேத்தோடு வகைக்கு இந்தச் சலுகையும் கிடையாது. வோல்டேஜ் குறைந்தால் அதன் மேல்பூச்சு கெட்டுப்போகும். டேட்டா ஷீட்டில் உள்ள அளவிலேயே அதை வைத்திருங்கள்.

ஒரு எக்செல் ஷீட் திறந்து, முதல் காலத்தில் 210 முதல் 250 வரை மெயின்ஸ் வோல்டேஜ், இரண்டாவதில் அதற்கு உங்கள் டிரான்ஸ்பார்மர் தரும் வோல்டேஜ், மூன்றாவதில் 5-லிருந்து எத்தனை சதவீத வித்தியாசம் என்று போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. ஒரு வாரம் காலை, மாலை, இரவு என்று பிளக் பாயின்ட்டில் மீட்டரை வைத்து வீட்டு மெயின்ஸையும் குறித்து வந்தால், எந்த வரிசை உங்களுடையது என்று தெரிந்துவிடும்.

அமெரிக்க டிரான்ஸ்பார்மரும் நம் 50 ஹெர்ட்ஸும்

ஹாம் உபகரணங்களில் அமெரிக்கச் சரக்கு அதிகம். அங்கே மெயின்ஸ் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். பழைய டிரான்ஸ்பார்மர்களில் 115 அல்லது 117 வோல்ட் என்று போட்டிருக்கும். பிரைமரியில் இரண்டு 115 வோல்ட் சுற்றுகள் தனித்தனியே இருந்தால், அவற்றைத் தொடராக இணைத்து 230-க்குப் பயன்படுத்தலாம். முதல் சுற்றின் முடிவு இரண்டாவதின் தொடக்கத்தோடு சேர வேண்டும். மாற்றி இணைத்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஃபியூஸ் போகும். டிரான்ஸ்பார்மர் பெட்டியில் புள்ளி வைத்திருந்தால் அதுதான் தொடக்கம். புள்ளி இல்லாவிட்டால், மெயின்ஸோடு தொடராக ஒரு 60 வாட் குண்டு பல்பைப் போட்டுச் சோதியுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் இணைப்பு தலைகீழ்.

இதோடு பிரச்சினை தீரவில்லை. இரும்புக் கோரில் உள்ள காந்தப் புலம், வோல்டேஜை ஃப்ரீக்வென்சியால் வகுத்தால் வரும் எண்ணைப் பொறுத்தது. 230 வோல்ட் 60 ஹெர்ட்ஸில் அந்த எண் 3.83. நம் வீட்டில் 240 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் என்றால் 4.8. அதாவது 25 சதவீதம் அதிகம். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் என்று சிக்கனமாகச் செய்த கோர் இதில் நிறைந்துபோய், லோடு இல்லாமலே உறுமும், சுடும். லேபிளில் 50/60 என்று இருந்தால் வாங்கலாம். 60 மட்டும் இருந்தால் என் ஓட்டு ‘வேண்டாம்’ என்பதற்கே. அந்த எடைக்குக் கொடுக்கும் கப்பல் கூலியில் உள்ளூரிலேயே ஒன்று சுற்றிவிடலாம். ஸ்டெபிலைசர் காயில் சுற்றுபவர்களுக்கு இது புதிய வேலையே அல்ல.

சுற்றக் கொடுக்கும்போது பிரைமரியில் 220, 230, 240 என்று மூன்று டேப் கேளுங்கள். செகண்டரி லோடோடு 5.3 வோல்ட் இருக்கட்டும். (ஏன் 5.3 என்பது கீழே வருகிறது.) செகண்டரியின் நடுவில் ஒரு சென்டர் டேப்பும் வேண்டும்.

கையில் இருப்பதே 220 வோல்ட் டிரான்ஸ்பார்மர், டேப்பும் இல்லை என்றால் ஒரு நல்ல தந்திரம் உண்டு. எலிமினேட்டருக்குப் போடும் சின்ன 12-0-12 வோல்ட், 1 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் ஒன்று வாங்குங்கள். அதன் பிரைமரியை மெயின்ஸில் கொடுத்து, 24 வோல்ட் செகண்டரியைப் பெரிய டிரான்ஸ்பார்மரின் பிரைமரியோடு தொடராக, எதிர்த் திசையில் இணைத்தால், 240-இல் சுமார் 25 வோல்ட் கழிந்து 215 ஆகும். ஃபிலமென்ட்டுக்கு 4.9 வோல்ட் கிடைக்கும். பெரிய டிரான்ஸ்பார்மர் மெயின்ஸிலிருந்து எடுப்பது 0.65 ஆம்பியர் போலத்தான், எனவே இந்தச் சின்னது தாராளமாகத் தாங்கும். திசை மாறிவிட்டால் கழிவதற்குப் பதில் கூடி 265 ஆகிவிடும், ஃபிலமென்ட்டுக்கு 6 வோல்ட்! ஆகவே வால்வைச் சாக்கெட்டில் சொருகாமல் முதலில் மீட்டரை வைத்துப் பாருங்கள்.

ஒயரில் காணாமல் போகும் வோல்ட்

நீளமான மெல்லிய யு.எஸ்.பி. கேபிளில் எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்கைப் போட்டால், டிக் டிக் என்று சத்தம் மட்டும் வரும், டிரைவ் திறக்காது. போர்ட்டில் 5 வோல்ட் இருக்கும், கேபிளின் மறுமுனையில் இருக்காது. அரை ஆம்பியருக்கே இந்தக் கதி என்றால் 29 ஆம்பியருக்கு?

டிரான்ஸ்பார்மருக்கும் சாக்கெட்டுக்கும் அரை மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். போக அரை, வர அரை, மொத்தம் ஒரு மீட்டர் ஒயர். வீட்டு லைட் பாயின்ட்டுக்கு இழுக்கும் 1.5 சதுர மி.மீ. ஒயரில் ஒரு மீட்டருக்கு 11.5 மில்லி ஓம். 29 ஆம்பியர் போனால் 0.33 வோல்ட் ஒயரிலேயே நின்றுவிடும். சாக்கெட்டில் 4.67-தான் மிஞ்சும், அதாவது கீழ் எல்லைக்கும் கீழே. ஒயரும் தொட முடியாதபடி சுடும். ஏ.சி. மெஷினுக்கு இழுக்கும் 4 சதுர மி.மீ. என்றால் 0.12 வோல்ட். 10 சதுர மி.மீ. என்றால் 0.05 வோல்ட். எனவே டிரான்ஸ்பார்மரைச் சாக்கெட்டுக்கு அருகில் வையுங்கள், 6 அல்லது 10 சதுர மி.மீ. ஒயர் போடுங்கள், இரண்டையும் முறுக்கிக் கொண்டு போங்கள். ஒரு முனைக்கு ஒயர், மறுமுனைக்குச் சேஸிஸ் என்ற குறுக்கு வழி இங்கே கூடாது.

முதல் சாக்கெட்டில் இறக்கி, அங்கிருந்து இரண்டாவது சாக்கெட்டுக்கு ஒயர் இழுப்பதும் நல்ல பழக்கமல்ல. இரண்டாவது வால்வுக்கு எப்போதும் குறைவாகவே கிடைக்கும். இரண்டுக்கும் ஒரே நீளத்தில் தனித்தனி ஜோடி ஒயர் போடுங்கள். 3-500இசட்டில் ஃபிலமென்ட் 1, 5-ஆம் பின்களில் வருகிறது. மற்ற மூன்று பின்களும் கிரிட். சாக்கெட்டின் பிடி தளர்ந்திருந்தால் அந்த இடத்தில் சூடேறி, வால்வின் பின்னுக்குள் உள்ள ஈயமே உருகி வழிந்துவிடும். பழைய சாக்கெட்டை மட்டும் தயவுசெய்து சிக்கனம் பார்த்துப் பயன்படுத்தாதீர்கள். இன்னொன்று, ஃபிலமென்ட் எரியும் நேரமெல்லாம் ஃபேன் காற்று சாக்கெட் வழியே போக வேண்டும். டிரான்ஸ்மிட் செய்யாவிட்டாலும் இது கட்டாயம்.

அந்த 5.3 வோல்ட் எதற்கு?

இந்த ஆம்ப்ளிஃபையர்களில் பெரும்பாலானவை கிரவுண்டட் கிரிட் முறையில் வேலை செய்பவை. கிரிட்டைச் சேஸிஸோடு சேர்த்துவிட்டு, ரேடியோவிலிருந்து வரும் சிக்னலை ஃபிலமென்ட்டுக்கே கொடுப்பார்கள். அப்படிக் கொடுத்த சிக்னல் டிரான்ஸ்பார்மர் வழியே ஓடிப்போய்விடக்கூடாதே! அதற்காக நடுவில் ஒரு ஃபிலமென்ட் சோக். ஒரு ஃபெரைட் ராடில் இரண்டு கனமான எனாமல் கம்பிகளை அருகருகே சேர்த்துச் சுற்றியது. 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு இது வெறும் கம்பி. ரேடியோ சிக்னலுக்கு இது மூடிய கதவு.

வெறும் கம்பி என்றாலும் கம்பி கம்பிதானே. 10 கேஜ் கம்பியில் 28 சுற்று சுற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 2.8 மீட்டர் வரும். 29 ஆம்பியரில் கால் வோல்ட்டுக்குச் சற்று மேலேயே அங்கு இறங்கிவிடும். சரியாக 5 வோல்ட் தரும் டிரான்ஸ்பார்மரை வைத்தால் சாக்கெட்டில் 4.7 போலத்தான் தெரியும். எனவேதான் 5.3. கூடிப்போனால் பிரைமரி டேப்பில் குறைத்துக்கொள்ளலாம். கூட்டுவதைவிடக் குறைப்பது எளிது.

செகண்டரியின் சென்டர் டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை. வால்வின் பிளேட் கரண்ட் முழுவதும் திரும்பி வரும் பாதை இதுதான். இது பயாஸ் ஜீனர் வழியாக ஹை வோல்டேஜ் சப்ளையின் நெகட்டிவ்வுக்குப் போகும். சென்டர் டேப் இல்லாமல் ஏதாவது ஒரு முனையிலிருந்து எடுத்தாலும் ஆம்ப்ளிஃபையர் வேலை செய்யும், ஆனால் சிக்னலில் கொஞ்சம் ஹம் சேரும்.

குளிர்ந்த கம்பி செய்யும் கலாட்டா

டங்ஸ்டன் கம்பி குளிர்ந்திருக்கும்போது அதன் ரெசிஸ்டன்ஸ், சூடாக இருக்கும்போது உள்ளதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியிருக்கும். சுவிட்சைத் தட்டிய முதல் நொடியில் 29 ஆம்பியருக்குப் பதில் அதைப் போலப் பல மடங்கு பாயப் பார்க்கும். எனியாக்கில் நடந்ததும் இதன் உறவுதான்.

தீர்வு எளிது. பிரைமரியில் தொடராக 150 ஓம், 50 வாட் ஒயர்வூண்ட் ரெசிஸ்டர் ஒன்று. ஒன்றிரண்டு விநாடி கழித்து ஒரு ரிலே அதை ஷார்ட் செய்துவிடும். இந்த மதிப்பில் முதல் நொடிக் கரண்ட் வழக்கமானதைப் போல இரண்டு மடங்குக்குள் அடங்கும். ரிலே ஒருநாள் வேலை செய்யாமல் போனாலும் ரெசிஸ்டரில் விழுவது 40 வாட்டுக்குள்தான், தீப்பிடிக்காது. பிரைமரியில் 2 ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ ஃபியூஸ் போடுங்கள்.

கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இதே வேலைக்கு பச்சை அல்லது கறுப்பு நிறத்தில் வட்டமாக ஒரு என்.டி.சி. தெர்மிஸ்டர் இருக்கும். அதை இங்கே போடலாமா என்றால், போடலாம். ஆனால் அது சூடாக இருக்கும்போது அணைத்து உடனே ஆன் செய்தால் பாதுகாப்பு கிடைக்காது. ரிலே முறையே எனக்குப் பிடித்தது.

எஸ்.எம்.பி.எஸ்.ஸையே வைத்துவிட்டால்?

பழைய கம்ப்யூட்டர் சப்ளைகளில் 5 வோல்ட்டில் 20, 30 ஆம்பியர் வரை உண்டு. தூக்கிப் போடும் பொருளில் வேலை முடியுமே என்று தோன்றுவது இயல்பு. கம்பி சூடாகத்தான் செய்யும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த சப்ளையின் நெகட்டிவ், அதன் தகரப் பெட்டியோடு இணைந்தே வருகிறது. நமக்கோ ஃபிலமென்ட் சேஸிஸிலிருந்து விலகி நிற்க வேண்டும். டிரான்ஸ்மிட் செய்யாத நேரத்தில் வால்வை உறங்க வைக்கும் பயாஸ் வோல்டேஜே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. சப்ளையைச் சேஸிஸில் வைத்த கணம் அது ஷார்ட். இது போக, குளிர்ந்த ஃபிலமென்ட்டைக் கண்டதும் சப்ளையின் ஓவர்லோடு பாதுகாப்பு ‘ஷார்ட் சர்க்யூட்’ என்று நினைத்து அணைந்துவிடும். சோக்கில் இறங்கும் கால் வோல்ட்டை ஈடுகட்ட அதில் வோல்டேஜைக் கூட்டவும் வழியில்லை. டி.சி. என்பதால் கம்பியின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் எப்போதும் 5 வோல்ட் வித்தியாசம் நிற்கும், கம்பியின் ஒரு பாதியே அதிகம் உழைக்கும். ஏ.சி.யில் இது நொடிக்கு நூறு முறை மாறிச் சமமாகிவிடுகிறது. இரும்பு டிரான்ஸ்பார்மரே போதும்.

பழைய மைக்ரோவேவ் ஓவன் டிரான்ஸ்பார்மரை வெட்டி, கனமான ஒயரில் ஐந்தாறு சுற்று சுற்றுவது இன்னொரு வழி. ஒரு சுற்றுக்கு ஒரு வோல்ட்டை ஒட்டி வரும். உள்ளே இருக்கும் ஹை வோல்டேஜ் சுற்றை முழுதும் அறுத்து எடுக்காமல் மெயின்ஸில் போடவே கூடாது. அது இரண்டாயிரம் வோல்ட், ஆளைக் கொல்லும் கரண்டும் உண்டு. தவிர, இந்தக் கோர்கள் நிறைந்த நிலையில் ஓடும்படி சிக்கனமாகச் செய்யப்பட்டவை, லோடு இல்லாமலே சுடும். பிரைமரியோடு தொடராக இருபது முப்பது சுற்று கூடுதலாகச் சுற்றினால் சூடும் குறையும், செகண்டரி வோல்டேஜையும் நுணுக்கமாகச் சரிசெய்யலாம்.

அளந்து பார்ப்பது எப்படி?

லோடு இல்லாமல் அளந்த வோல்டேஜை நம்பாதீர்கள். சும்மா இருக்கும்போது 5.6 காட்டும் டிரான்ஸ்பார்மர், 29 ஆம்பியர் எடுக்கும்போது 5.3-க்கு வரலாம். வால்வுகளைச் சொருகி, ஃபேனை ஓடவிட்டு, சாக்கெட்டின் 1, 5-ஆம் பின்களுக்கு நடுவே அளப்பதே சரியான எண். மீட்டர் ‘ட்ரூ ஆர்.எம்.எஸ்.’ வகையாக இருக்கட்டும். மீட்டர் ஒயரின் முனையில் முதலைக் கிளிப் போட்டு, எல்லாம் அணைந்திருக்கும்போதே மாட்டிவிட்டு, கையை எடுத்த பிறகு ஆன் செய்யுங்கள்.

இந்தச் சோதனையின்போது ஹை வோல்டேஜ் டிரான்ஸ்பார்மரின் பிரைமரி ஒயரைக் கழற்றித் தனியே வைத்திருக்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது, ஒயரையே கழற்ற வேண்டும். இரண்டு 3-500இசட்டுக்குப் பிளேட்டில் 2500 முதல் 3000 வோல்ட் வரை போகும். அந்த சப்ளையின் கபாசிட்டர்கள் அணைத்த பிறகும் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். மூடியைத் திறந்ததும் மீட்டர் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்து, அதன் பிறகு நீளமான இன்சுலேட்டட் கைப்பிடியுள்ள கம்பியால் சேஸிஸோடு ஷார்ட் செய்து, அந்தக் கம்பியை அங்கேயே மாட்டிவைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து ராம் மாற்றிய தைரியம் இங்கே செல்லாது. வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் இதைத் திறக்க வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தால் ஹை வோல்டேஜை இணைத்து மூடியைப் பூட்டிய பின், முழு பவரில் டிரான்ஸ்மிட் செய்யும்போது மெயின்ஸ் எவ்வளவு இறங்குகிறது என்பதை பிளக் பாயின்ட்டில் அளங்கள். 240 என்பது 232 ஆனால், ஃபிலமென்ட்டும் அதே விகிதத்தில் மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல் இறங்கும். 5.0-இல் நிறுத்தியிருந்தால் டிரான்ஸ்மிட்டில் 4.83 வரும், அது போதுமானது. 4.85-இல் நிறுத்தியிருந்தால் 4.7-க்குக் கீழே போய்விடும். அப்போது ஒரு டேப் மேலே ஏற்ற வேண்டும், அல்லது ஆம்ப்ளிஃபையருக்கென்று மீட்டர் போர்டிலிருந்து தனியாக ஒரு 4 சதுர மி.மீ. லைன் இழுக்க வேண்டும்.